கரி லாரி

ஜப்பான்காரன் ஆட்சியில் டோக்கியோ மணி ஏழு. பழைய மணிக்கு ஐந்தரை. வெளியே இருட்டு.

எழுந்தேன். கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். மரவள்ளிக்கிழங்கை அவியப் போட்டேன். காய்ச்சலில் கிடந்த மனைவி பிரிஜெட்டின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு அப்படியே. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பெயர் வாசித்தேன். பாதிப் பெயர்களுக்குக் குரல் வரவில்லை. சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர்கள். நீக்கச் சொல்லி உத்தரவு வரவில்லை. அதனால் அவற்றையும் வாசித்தேன். திரும்பி வந்தேன். கிழங்கு வெந்திருந்தது.

இங்கே ஆளுக்கொரு பேய்க்கதை சொல்லிவிட்டீர்கள். ரப்பர் நிரையில் வெள்ளைப் புடவை... ரப்பர் காயவைக்கும் புகைவீட்டுக்குள் இருமல்... எல்லாம் இருட்டில் நடந்தவை. என்னுடையது வெயிலில் நடந்தது. நண்பனின் மாமனுக்கு அல்ல, எனக்கு. விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். எண்ணெய் கிடைப்பதில்லை.

அன்று கிழங்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். பிரிஜெட் ஒரு துண்டு கடித்தாள்.

“உப்பே இல்ல. காலேஜுல இதெல்லாம் சொல்லித் தரலயா?”

கலியாணமான நாளிலிருந்து இந்தக் கேலிதான். அவள் குருண் ஊரில் வளர்ந்தவள். அப்பா வால்டருக்கு மோட்டார் பட்டறை. எஞ்சின் சத்தத்தில் தூங்கி, எஞ்சின் சத்தத்தில் விழித்தவள். நான் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுபவன். சைக்கிள் சங்கிலி கழன்றால் அவள்தான் மாட்டுவாள்.

பிறகு வாந்தி. பிறகு சட்டியில் சிறுநீர்... கறுப்புக் காப்பி நிறம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் அழகேசன் எட்டிப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துப் போனார்.

“ஐயா, எங்கிட்ட கொயினா மருந்து ஒரு பொட்டு இல்ல. இப்பவே கூலிம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. பொழுது சாயற வரைக்கும் தாங்காது.”

எங்கள் தோட்டம் பாடாங் செராய்க்கு உள்ளே. வண்டி என்றால் கரி லாரி ஒன்றுதான். பெட்ரோல் இல்லாத காலம். பின்பக்கம் ஓர் உருளை அடுப்பு. கரியை மூட்டி, அந்தப் புகையில் எஞ்சின் ஓடும். ஆனால் மூட்டிப் புகை பிடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். டிரைவர் பக்கிரிசாமி ஒளித்துவைத்திருந்த தகரத்தை எடுத்து வந்தார். ரப்பரைக் காய்ச்சி இறக்கிய பெட்ரோல். மூடியைத் திறந்ததும் கருகிய செருப்பு நாற்றம்.

“இத ஊத்துறேன் ஐயா. இந்த நாளுக்குத்தான் வச்சிருந்தேன்.”

ஊற்றினார். அங்கேதான் தவறியது. அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

கரிப்புகை மெதுவாக எரியும். அதனால் நெருப்புப் பொறியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பொறி விழும் நேரத்தை வைக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பக்கிரிசாமி அப்படித்தான் திருப்பி முடுக்கி வைத்திருந்தார். பெட்ரோல் அப்படியல்ல. சட்டென்று எரியும். முன்கூட்டிப் பொறி விழுந்தால், மேலே ஏறி வருகிற பிஸ்டனின் தலையிலேயே வெடிக்கும்.

பின்னால் பாயில் பிரிஜெட். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து லயத்து வீட்டுப் புஷ்பவள்ளி. முன்னால் நானும் பக்கிரிசாமியும். இடையில் பலகைத் தடுப்பு.

மரப்பாலம் தாண்டினோம். பாலத்துக்கப்புறம் மேடு. இரண்டு பக்கமும் ரப்பர். ஆள் இல்லை. பால் வெட்டவும் யாரும் வராத நிரைகள்... வெயில் கோடு கோடாக விழுந்திருந்தது. மேட்டின் பாதியில் எஞ்சின் கிண் கிண் என்று அடிக்க ஆரம்பித்தது. ரேடியேட்டர் கொதித்தது. நின்றுவிட்டது.

பக்கிரிசாமி இறங்கி, எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினார். அது எதிர்த்து உதைத்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“டைமிங்கு... கரிக்கு வச்சதுலா இது. நான் ஒரு மடையன்.”

சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். இருந்தது ஒரு திருகுசாவி, ஒரு பிளக் சாவி. எஞ்சினின் சக்கரத்தட்டில் பிஸ்டன் இடம் காட்டும் குறி துருவில் போய்விட்டது. அவர் முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்தார். நான் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினேன். காற்று விரலைத் தள்ளியது. அதுதான் பிஸ்டன் ஏறும் நேரம். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். பொறி உண்டாக்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி, லேசாக இழுத்தபடி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். தாள் நழுவியது. முனை பிரிகிறது, அங்கே பொறி.

பிளக்கை மாட்டினார். நான் சுற்றினேன். எஞ்சின் எழுந்தது. ஆனால் முக்கி முனகியது.

என் காதருகே வந்து கத்தினார். “இது உத்தேசந்தான். மீதியக் காதாலதான் வைக்கணும். எனக்குத்தான் அது இல்லையே!”

சுங்கை பட்டாணி விமானத் திடலில் குண்டு விழுந்த நாளில் போன காது. எஞ்சின் ஓடும்போது அவருக்கு எதுவும் கேட்காது.

“நீங்க உள்ள உக்காந்து, பிரேக்கப் புடிச்சு, எஞ்சினுக்குப் பாரம் குடுங்க. டின்னுல கோலிக்குண்டு போட்டு ஆட்டுறாப்ல சத்தம் வரும். அது எப்ப நிக்குதோ, கை காட்டுங்க.”

உட்கார்ந்தேன். அழுத்தினேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாக இருந்தது. அவர் திருப்பினார். என்னைப் பார்த்தார். திரும்பத் திருப்பினார். எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது.

பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“இன்னும்.”

பிரிஜெட். மெலிந்த குரல். கொஞ்சம் எரிச்சல்.

“இன்னும்... இன்னும் கொஞ்சம்.”

“சரி” என்றேன்.

“அவ்வளவு வேணாம். திரும்ப வாங்க.”

“சரி, சரி.” சிரித்துவிட்டேன். பேசுகிறாள். நேற்றிலிருந்து இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

“ம்... போதும்.”

பக்கிரிசாமியின் கை நின்றது. திருகை முடுக்கினார். எஞ்சின் பட்டுப்போல ஓடியது. கல்லை எடுத்தோம். மேடு ஏறினோம்.

கூலிம் ஆஸ்பத்திரி வாசலில் நர்சு வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். பிறகு கையை மெல்ல மார்பின் மேல் வைத்தாள்.

“உசுரு போயி நேரமாயிருக்குமே. ஒடம்பு வெறச்சுப் போச்சு.”

நான் புஷ்பவள்ளியைப் பார்த்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

“பாலத்துக்கிட்டயே போயிட்டாங்க ஐயா.”

“பாலமா? மேட்டில் பேசினாளே.”

“சொன்னா நீங்க அங்கேயே உக்காந்துருவீங்க. நடுக்காட்டுல சவத்த வச்சுக்கிட்டு என்னா பண்றது? வண்டி ஓடட்டும்னு வாய மூடிக்கிட்டேன்.”

“மேட்டில் பேசினாள், புஷ்பவள்ளி. இன்னும், இன்னும் என்றாள்.”

“யாரும் பேசல ஐயா. நீங்கதான் சரி சரின்னு சொன்னீங்க. சிரிச்சீங்க. அவங்க வாயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அசையவே இல்ல.”

துயரத்தில் மனம் பேசும் என்று படித்திருக்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டேன். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வேலியோரம் நிற்கும் வரை.

பக்கிரிசாமி பக்கத்தில் வந்து நின்றார். கட்டுப்போட்ட கை.

“ஐயா... நீங்க எனக்குக் கை காட்டவே இல்ல.”

நான் அவரைப் பார்த்தேன்.

“எம் பொண்டாட்டி காதுகிட்ட வந்து கத்துனாலும் எனக்குப் பாதிதான் கேக்கும். அன்னிக்கு எஞ்சின் அந்த ஓட்டம் ஓடுது... போதும்னு கேட்டுச்சு. சுத்தமா. அதான் கைய எடுத்தேன்.”

அவ்வளவுதான் பேசினார். அந்த லாரியை மறுபடி கரிக்கு மாற்றவும் அவர் கை வைக்கவில்லை. வேறு ஆளை வரவழைத்தார்கள்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ‘போதும்’ என்று புஷ்பவள்ளி முன்னால் சொல்ல முடியாது. அவள் எழுந்து போய்விடுவாள். பிரிஜெட் உண்மையில் கடைசியாகச் சொன்னது லாரி புறப்படுவதற்கு முன்னால். நான் பின்னால் ஏறி, பாயில் அவளருகே உட்காரப் போனேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“நீங்க முன்னால போய் உக்காருங்க. இங்க பூரா கரி. அப்புறம் சட்டைய யார் தொவைக்கிறது?”