டேங்க் மேல் போட்ட வட்டம்

பழைய டேங்கில் புகையடுப்பு செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டேங்கைப் படுக்கவைத்து, மேல்பக்கம் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்து, அதையே கீல் வைத்து மூடியாக மாட்ட வேண்டும். ஒரு பக்கம் கரி போட ஒரு இரும்புப் பெட்டி. எதிர்ப்பக்கம் புகைபோக்கி. நடுவில் கம்பிச் சட்டம், அதன் மேல் கறி. நெருப்பு கறியைத் தொடவே கூடாது, புகை மட்டும்தான் தொட வேண்டும். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் ஆகும். பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு.

இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதில் உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்கு வருத்தம். அவர் எழுதினால் "மேற்படி பெண்" என்று ஆரம்பிப்பார். நான் வேதியியல் பட்டதாரி. எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் வாக்கியத்தை நானே எழுதிக்கொள்கிறேன்.

எங்களுடையது வெல்டிங் பட்டறை. அம்மா இல்லை. அப்பா, அண்ணன், நான், மூன்று பேர்தான். பழைய எண்ணெய் டேங்க், டீசல் டேங்க், கெமிக்கல் டேங்க் எல்லாம் எங்களிடம்தான் வெட்ட வரும். காலி டேங்க் என்று யாரும் அலட்சியமாக நினைக்கக் கூடாது. உள்ளே இருந்த சரக்கு போய்விட்டாலும் அதன் ஆவி போகாது. தீயைக் காட்டினால் அவ்வளவுதான். அப்பாவுக்கு இடது காது கேட்காது. அந்தக் காதைக் கொண்டுபோனதும் ஒரு காலி டேங்க்தான். அன்றைக்கு அவரோடு நின்ற கூட்டாளி வீடு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஒரு விதி வைத்தார். காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் டேங்கை இரண்டு தடவை கழுவ வேண்டும். பிறகு வெட்டப்போகிற கோடு வரைக்கும் தண்ணீர் நிரப்ப வேண்டும். நிரப்பிய ஆள் சாக்பீஸால் டேங்க் மேல் ஒரு வட்டம் போட வேண்டும். வட்டம் இல்லாத டேங்க் பக்கத்தில் யாரும் பீடிகூடப் பற்றவைக்க முடியாது. வட்டம் போடும் அதிகாரம் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான். அண்ணனுக்குக் கிடையாது. அவன் நிரப்பாமலே போட்டுவிடுவான் என்று அப்பா சொல்வார்.

நான் பத்தாவது படிக்கும்போது அந்தச் சாக்பீஸ் என் கைக்கு வந்தது. தானே போட்ட வட்டம் ஆனாலும், அப்பா டேங்கை விரல் முட்டியால் தட்டி, வலது காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவார். தண்ணீர் இருந்தால் சத்தம் அமுங்கி வரும். நான் போட்ட வட்டம் என்றால் தட்டிப் பார்க்க மாட்டார். "என் பொண்ணு போட்டா கண்ண மூடிட்டு வெட்டலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய போட்டோவையும் பட்டறையில் மாட்டியிருந்தார், கிரைண்டருக்கு நேர் மேலே. இரண்டே மாதத்தில் இரும்புத்தூள் படிந்து என் முகம் தெரியாமல் போய்விட்டது.

புகையடுப்பு அண்ணனின் யோசனை. பட்டறை வாசலில் கறிக்கடை போடப் போகிறானாம். ஃபோனில் யாரோ செய்ததைப் பார்த்துவிட்டு, மூடிய ஒரு பெயின்ட் கம்பெனியிலிருந்து தின்னர் டேங்க் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். எந்தப் பக்கம் வெட்டுவது என்று தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் நான்தான் தரையில் படம் போட்டுக் கொடுத்தேன்.

"என்ன கலெக்டர் மேடம், புகை எந்தப் பக்கம் போகும்னு உங்க புக்குல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. உன்ன மாதிரி ஆளுங்க எந்தப் பக்கம் போவாங்கன்னுதான் போடல."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் சந்தோஷமில்லாத குடும்பம் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

இனி காரணத்துக்கு வருகிறேன். தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் வேலைக்கு நேர்காணல் போய் வந்திருந்தேன். தேறினால் போன் செய்வதாகச் சொன்னார்கள். என் போன் ரிப்பேரில் இருந்ததால் பட்டறை நம்பரைக் கொடுத்திருந்தேன். போன் வரவே இல்லை. தேறவில்லை போலிருக்கிறது என்று நான்கு மாதம் என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் கூடப் படித்தவளைப் பார்த்தேன். கழுத்தில் அந்த ஆய்வகத்தின் அடையாள அட்டை தொங்கியது.

"நீ வரலன்னு உங்க வீட்ல சொல்லிட்டாங்களாமே. லிஸ்ட்ல அடுத்த ஆளு நான்தான்டி. ரொம்ப தேங்க்ஸ்."

நன்றி வேறு சொன்னாள். பரவாயில்லை என்றேன்.

அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன எடுத்தது நான்தான். சொல்லச் சொன்னது அப்பா. வேணும்னா அவரையே கேளு, என்ன விடு."

அவன் பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினேன். பொண்ணைப் படிக்கவைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்ட சித்தப்பாவை வாசலோடு அனுப்பியவர் அப்பா. அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அதனால் அவரிடம் கேட்கவும் இல்லை. அண்ணனுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அண்ணனுக்கு. இதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அன்று காலை அப்பா என்னைக் கூப்பிட்டு டேங்கைக் கழுவச் சொன்னார். மூடியைத் திருகினேன். தின்னர் வாடை கண்ணில் ஏறியது. நான் அதைத் திரும்ப மூடினேன். ஹோஸைத் திறந்து சாக்கடைப் பக்கம் விட்டேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும் அல்லவா. இருபத்தைந்து நிமிடம் விட்டேன். அந்த அளவு டேங்க் நிரம்ப அவ்வளவு நேரம் பிடிக்கும். இடையில் அப்பா உள்ளே இருந்தபடியே, "சீக்கிரம்மா" என்றார். இதிலெல்லாம் அவசரப்படக் கூடாது என்று சொன்னேன். பிறகு குழாயை மூடி, கையைத் துடைத்து, வட்டம் போட்டேன். கோணல் இல்லாத வட்டம்.

பத்தரை மணி இருக்கும். அண்ணன் டீ வாங்கப் போயிருந்தான். அப்பா கேஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு டேங்க் அருகில் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டேங்கைப் பார்த்தார்.

"வட்டம் யாரும்மா போட்டது?"

"நான்தாம்பா."

"அப்ப சரி."

தட்டிப் பார்க்கவில்லை. நான் உள்ளறைக்குப் போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சத்தத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. அப்பாவின் கண்ணாடி எதிர்வீட்டு மாடியில் கிடந்ததாகச் சொன்னீர்கள். உடையவில்லை என்றும் சொன்னீர்கள். அண்ணன் டீத் தூக்கைக் கீழே வைக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே நின்றிருந்தானாம். கழுவிவிட்டதாக நினைத்து மறதியில் வட்டம் போட்டுவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். நீங்கள் தண்ணீர் குடிக்கக் கொடுத்தீர்கள். அண்ணன் மீது இருந்த கோபத்தில் செய்தது, அப்பா நடுவில் வந்துவிட்டார் என்று இரண்டாம் நாள் சொன்னேன். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். உங்க பட்டறையில டேங்க் வெட்டுறது வழக்கமா யாரு?

அதற்குத்தான் நான் காகிதம் கேட்டேன்.

அப்பா. பதினெட்டு வருடமாக அப்பா மட்டும்தான். அண்ணனுக்குத் தீப்பொறி என்றாலே உதறும். அவன் டார்ச் பிடித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவனை டீ வாங்க அனுப்பியதும் நான்தான்.

அப்பாவிடம் கேட்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். முந்தின நாள் மதியம் சோறு போடும்போது கேட்டேன். அவர் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்கி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீ போயிட்டா இங்க வட்டம் யாரும்மா போடுறது?"

பாசமாகத்தான் சொன்னார். எனக்கும் பாசம் இல்லாமல் இல்லை.

போட்டுக் கொடுத்தேன்.