மத்தாப்புப் பெட்டிக் கொண்டை

— தலைய ஆட்டாதீக யோகேஸ்வரிக்கா. இன்னும் ஒரு பக்கம் தூக்கவே இல்ல.

— அரிக்குது மாரி, நான் என்ன செய்ய? இந்த லேபிளப் பாரு. இந்தம்மாவுக்கு நெத்திக்கு மேல எம்புட்டு உசரம். எனக்கு இட்லி கவுத்த மாதிரி இருக்கு.

— அவுக உள்ள சவுரி திணிச்சிருக்காக. நான் உங்க முடியவே பின்னால சீவிச் சீவித் தூக்குறேன். கொஞ்சம் பொறுங்க.

— தாத்தா கம்பெனி ஆரம்பிச்சப்ப போட்ட மொத மத்தாப்புப் பெட்டி லேபிள் இது. என் ரிசப்ஷனுக்கு இந்தக் கொண்டைதான்னு சின்னப் பிள்ளையிலயே முடிவு பண்ணிட்டேன். ஆனா அச்சு அசலா வேணாம், கிழவின்னுருவாங்க. சரியா?

— அதான் காதோரம் ரெண்டு சுருளு தொங்கவிட்டு, பாதி முடிய முதுகுல விரிச்சுவிடப் போறேன். மேல பளைய மாடலு, கீள புது மாடலு. ஞாயித்துக்கிளம ஒரு தலையில போட்டுப் பாத்துட்டேன், நல்லா நின்னுச்சு.

— யாரு தலை?

— தெரிஞ்சவுகதான். கண்ண மூடுங்க, ஸ்பிரே அடிக்கணும்.

— அடி, அடி. மூக்குல ஏறாம அடி.

— அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? உங்க விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில ராமுத்தாய்னு ஒரு அம்மா. பதினெட்டு வருசமா வேலை பாக்குறாக. திங்கக்கிளம கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாகளாம், இனி வரவே வேணாம்னு. தீவாளி சீசன்ல வீட்டுல உக்காந்தா அவுக என்ன செய்வாக? அப்பாட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லலாம்ல.

— இந்தக் கதை உன் பார்லர் வரைக்கும் வந்துருச்சா? கேட்டுல சோதிக்கிறப்ப கொண்டைக்குள்ள இரும்பு ஊசி இருந்துச்சாம். அது மருந்து ரூம்ல விழுந்து உரசுனா என்னாகும்? ஒரு ஆளு மிஞ்சுமா?

— மிஞ்சாதுதான். அப்பா சொல்றது ஞாயம்தான்.

— அந்த ஊசிய ஒரு காகிதத்துல மடிச்சு மேசை மேலயே வச்சிருக்கார். சிபாரிசுன்னு யார் வந்தாலும் பிரிச்சுக் காட்டுறார்.

— அந்தம்மா ஊசியே குத்தாதுக்கா. நூல் கயித்துலதான் முடிஞ்சுட்டுப் போகும். இத்தன வருசத்துல ஒருக்காகூட மாட்டுனதில்ல.

— அப்ப ஊசி தானா மொளச்சுச்சாக்கும்? எப்படி வந்துச்சுன்னு போர்மேன் தலைகீழா நின்னு கேட்டாராம். வாயே தொறக்கலையாம். சரியான அழுத்தக்காரி. அம்பது வயசுல என்ன மினுக்கு வேண்டிக்கெடக்கு, நீயே சொல்லு. ஆ, குத்துது.

— மன்னிச்சுக்கங்கக்கா. கை தவறிருச்சு.

— மெதுவா. மாப்பிள்ளை வீட்டுல மதுரைலருந்து ஆள் வரச்சொல்றோம்னாங்க. நான்தான் எங்க மாரி போதும்னு பிடிவாதமா நின்னேன். மானத்த வாங்கிராத.

— தெரியும்க்கா. இந்த ஆர்டரு கை விட்டுப் போயிரக் கூடாதேன்னு எங்க வீட்டுலயும் வாயத் தொறக்காம இருக்காக. இந்தாங்க, கண்ணாடியப் பாருங்க.

— அடியே! லேபிள்ல இருக்கிறவ தோத்தா போ. பின்னாடி காட்டு, பின்னாடி. என் செல்லுல ஒரு போட்டோ எடு. மாரி, உனக்கு என்ன வேணும்னாலும் கேளு.

— ராமுத்தாய வேலைக்குக் கூப்பிடச் சொல்லுங்க.

— அது மட்டும் முடியாது. ரூல்ஸ்னா ரூல்ஸ். பட்டுச்சேலை கேளு, தரேன்.

— சேலை இருக்குக்கா.

— மூஞ்சியத் தூக்காத, நல்ல நாள் அதுவுமா. சரி, தலையில மொத்தம் எத்தனை ஊசி? கழட்டுறப்ப எண்ணி எடுக்கணும்ல. ஒண்ணு உள்ள கெடந்தாலும் ராத்திரி பூரா குத்தும்.

— முப்பத்தொம்பது.

— அதென்ன கணக்கு? போன வாரம் நான் வாங்கிக் குடுத்த டப்பாவுல நாப்பதுன்னு போட்டிருந்துச்சே.

— நாப்பதுதான். ஞாயித்துக்கிளம போட்டுப் பாத்தப்ப நாப்பதையும் குத்துனேன். எடுக்கையில எண்ணாம விட்டுட்டேன்.

— எண்ணாமயா? அப்ப மிச்சம் ஒண்ணு எங்க?

— எங்கம்மா தலையில இருந்துச்சுக்கா. இப்ப உங்கப்பா மேசையில இருக்கு.