கோணல் தெரு ஊர்

செங்கல்பட்டில் கிளம்பிய மின்சார ரயிலில் என் எதிர் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும். மகளுக்கு ஜப்பானில் ஒரு பழைய ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. அம்மா இன்னும் சரி சொல்லவில்லை.

“அந்த ஊர்ல தெருவெல்லாம் வேணும்னே கோணலா போட்டுக்கீறாங்கம்மா.”

“இன்னாத்துக்கு?”

“முன்ன ராஜாவோட கோட்டை இருந்த ஊரு. எதிரி உள்ள வந்தா வழி தெரியாம முழிக்கணும்னு.”

“ராஜா இப்ப எங்க?”

“ஆட்சி மாறிச்சு, போயிட்டாரு. கோட்டையக்கூட இடிச்சிட்டாங்க. தெரு மட்டும் அப்படியே கீது.”

“எதிரியே முழிச்சான்னா, நீ இன்னா பண்ணுவ?”

“யாரையாச்சும் கேப்பேன். அதுக்குத்தானே பாஷை கத்துகினு கீறேன்.”

கூடுவாஞ்சேரி வரை அம்மா ஜன்னல் வழியே கடந்து போகும் தெருக்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நான் என் புத்தகத்தைத் திறக்கவில்லை.

இறங்க எழுந்தபோது அம்மா மகளிடம் கேட்டாள்: “‘வழி எது’ன்னு அவங்க பாஷைல எப்படி கேக்கணும்? எனக்கும் சொல்லிக் குடு. நான் உன்னப் பாக்க வரும்போது தெருவுல நிக்கக் கூடாது பாரு.”