தெளிவாகத் தெரிந்த ஒரே கை

பனியையும் பாராமல் வந்து தலைமையேற்றிருக்கும் நம் பள்ளி அதிபர் தம்பிஐயா அவர்களே! சமாதான தினத்துக்காக நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி, வேன் பிடித்து மேலேறி வந்த சர்வதேச அமைப்பின் பிரதிநிதிகளே! பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துச் சாக்கை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் என் தாய்மார்களே! முன்வரிசையில் மடியில் போனோடு அமர்ந்திருக்கும் வீரம்மா அக்காவே! வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, 'உலக சமாதானம் காப்பதில் சர்வதேச அமைப்புகளின் வெற்றி'. வெற்றியாம்! யாருக்கு வெற்றி? எங்கே வெற்றி?

அக்காவின் மகள் சுதர்ஷினி வீட்டு வேலைக்குப் போன நாட்டில் குண்டு விழுகிறது. வீட்டுக்காரர்கள் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். "அம்மா, யாருகிட்டயாவது சொல்லி சண்டைய நிப்பாட்டச் சொல்லுங்கம்மா" என்று போனில் அழுதாள். உலக சபைக்கு எழுதுவோம் என்று கடிதம் எழுதியவள் நான்தான். நம்பினேன், தாய்மார்களே! படித்த முட்டாள், நம்பினேன்!

கொழுந்து நிறுக்கும் வரிசையிலேயே கைநாட்டு வாங்கி, ஸ்கேன் பண்ணி அனுப்பினோம். நானூற்றுப் பன்னிரண்டு பேர். நாலாம் நாள் பதில் வந்தது. போர் நின்றதா? பூட்டு உடைந்ததா? இல்லை. 'ரேகைகள் தெளிவாக இல்லை, மீண்டும் அனுப்பவும்.'

என்ன மாயாண்டி அண்ணே, சிரிக்கிறீங்களா? நல்லா சிரிங்க! கொழுந்து கிள்ளித் தேய்ந்த விரலில் ரேகைக்கு எங்கே போவது? ராசம்மா அக்கா சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்து, "இப்பவாச்சும் தெரியுதா பாருங்க டீச்சர்" என்று நீட்டிய விரல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நாம் விரல் தேய்த்த அதே நாளில் உலக சபையின் அந்த மாபெரும் மன்றத்தில் போர்நிறுத்தத் தீர்மானம் வந்தது. மற்ற நாடுகள் எல்லாம் சரி என்றன. ஒரே ஒரு வல்லரசு தன் வீட்டோ உரிமையால் மறுத்துக் கை உயர்த்தியது. தீர்மானம் செத்தது! நம் நானூற்றுப் பன்னிரண்டு விரல்கள் தெரியவில்லை. அந்த ஒற்றைக் கை மட்டும் தெளிவாகத் தெரிந்துவிட்டது!

இந்த அமைப்புகள் மருந்து தருகிறார்கள், கூடாரம் தருகிறார்கள், நான் மறுக்கவில்லை. அடிபட்டவனுக்கு மருந்து போட ஆளிருக்கிறது. அடிக்கிற கையைப் பிடிக்கத்தான் ஒருவருமில்லை.

அன்றிலிருந்து ஒன்பது நாள். வீரம்மா அக்காவின் போன் அடிக்கவே இல்லை. இப்போது மெழுகுவர்த்தி கொடுத்து, இரண்டு நிமிடம் மௌனம் காக்கச் சொல்கிறார்கள். ஒன்பது நாள் மௌனம் போதாதா? மன்னியுங்கள் தலைவர் அவர்களே, என்னால் முடியாது.

தாய்மார்களே, மெழுகுவர்த்தியைக் கீழே வையுங்கள். கையைத் தூக்குங்கள்! கழுவ வேண்டாம், கொழுந்துக் கறையோடு தூக்குங்கள்! அக்கா, நீங்களும் தூக்குங்க. படம் பிடிக்கிற ஐயா, கிட்டே வாருங்கள். சுதர்ஷினி பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறாள் என்று படத்தின் கீழே எழுதி உலக சபைக்கு அனுப்புங்கள். இந்த முறையும் தெளிவாக இல்லை என்று எவரும் சொல்லக்கூடாது.

கேட்டிருந்தவர்களுக்கு நன்றி. இன்னும் கையை இறக்காமல் நிற்கிறீர்களே, உங்களுக்கு என் வணக்கம்.