ஸ்மராண்டாவின் ஐந்தாவது திருத்தம்

நான் குரலை உயர்த்திப் பேசுகிறவன் இல்லை. யாஷ் நகரில் எங்கள் அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ரெமுஸ் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள்.

மருத்துவமனைக் கட்டிலோரம் இதயத்துடிப்பைக் காட்டும் திரை இருக்கிறதே, அதன் கருவியோடு கணினியின் மையமான கெர்னல் பேசுவதற்கான டிரைவர் நிரலை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியவன் நான். இன்றும் யார் அதில் கைவைத்தாலும் நான் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான ஸ்மராண்டா அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். அறுபது எண் வருகிறது என்று கருவி சொல்லிவிட்டு நான்கே அனுப்பினாலும், என் நிரல் அறுபதையும் படித்துவிடும். மீதி, எண்கள் வந்து விழும் நினைவகப் பெட்டியில் ஏற்கெனவே கிடக்கும் ஏதோ குப்பை. வந்த அளவுக்கு மேல் படிக்காதபடி அவள் ஒரு சோதனை வைத்தாள். அது சரியான திருத்தம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பிழை யாருடைய மாற்றத்தால் நுழைந்தது என்று திருத்தத்தின் அடியில் ஒரு வரி எழுதியாக வேண்டும். நிரல் எல்லோருக்கும் திறந்தது என்பதால் ஊர் உலகமே அதைப் படிக்கும். என் பெயரை எழுதியிருந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், விதின்னுதான் போட்டேன்" என்று சூடான எள்ளு ரொட்டி வளையம் ஒன்றை என் கையில் கொடுத்தாள். "சின்னத் தப்புதானே, உங்களுக்கே சிரிப்பு வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு முறை திருப்பி அனுப்பினேன். தலைப்பு நீளம், இடைவெளி சரியில்லை, விளக்கம் போதாது. தகுதிகாண் காலம் முடிவதற்குள் இந்தத் திருத்தம் நிரலுக்குள் போகாவிட்டால் அவளுக்கு வேலை நிலைக்காது. அவள் முகம் வாடுவதைப் பார்க்கச் சுகமாக இருந்தது. ஐந்தாவது முறை, காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் வைத்து வாய்வார்த்தையாகச் சொன்னேன்.

"வந்த அளவோட எதுக்கும்மா ஒப்பிடறே? பெட்டியோட கொள்ளளவோட ஒப்பிடு. ஒரே வரில முடிஞ்சிடும்."

"பெட்டிக்குள்ள பழைய எண்ணு கிடந்தா சார்?"

"மேல் அடுக்கு நிரல் அதைத் துடைச்சிடும். அதை எழுதினதும் நான்தானே."

அங்கே எதுவும் துடைப்பதில்லை. எழுதியவனுக்குத் தெரியாதா? அவள் நம்பினாள். நான் சரி சொன்னேன்.

ஏப்ரலில் ஒரு பெரியவரின் விரலிலிருந்து கருவி நழுவியது. பெட்டியில் கிடந்த அவருடைய பழைய துடிப்பே திரையில் திரும்பத் திரும்ப ஓடியது. எழுபத்திரண்டு. அவர் இதயம் நின்ற பிறகும் அதே எழுபத்திரண்டு. பட்டப்பகலில் அவர் மகள் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா நன்றாகத் தூங்குகிறார் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்துகொண்டிருந்தாளாம்.

மறுநாள் புதிய திருத்தத்தை நானே அனுப்பினேன். ஸ்மராண்டாவின் முதல் சோதனைதான், எழுத்து மாறாமல். அந்த வரியைக் கடைசியாக எழுதியது அவள்தானே, பிழைக்குக் காரணம் என்று வழக்கப்படி அவள் பெயரை எழுதினேன். அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நீங்கதானே சார் மாத்தச் சொன்னீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"நான் எங்கம்மா சொன்னேன்? மின்னஞ்சல்ல இருந்தா காட்டு" என்றேன்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். யாராவது சாகக்கூடும் என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். அவள் ஏழு வரியில் வளவளவென்று செய்ததை நான் ஒரே வரியில் அடக்கிக் கொடுத்தேன். நீங்களே படித்துப் பாருங்கள், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.