என் வாசலில் சப்பரம் நின்றது குறித்து

மொந்தேலூனா காவல் நிலையம், கலாப்ரியா மாநிலம். 2011 ஜூலை 3, ஞாயிறு, காலை 10.20. பதிவு செய்பவர்: நிலைய அதிகாரி ஒராட்சியோ பெலூசி.

என் பெயர் நுன்சியா லகானா. வயது 52. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. செக்குத் தெரு 14ஆம் எண் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறேன். கீழே டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் கற்றவர்கள். அதிகாரியின் மனைவியும் அதில் அடக்கம். நானாகவே இங்கு வந்தேன். சர்ச்சில் பூசை முடிந்து வரச் சொன்னார்கள். போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கார்மினே ஸ்பதாரெல்லி மீதான கொலை வழக்கில், இரண்டு நீதிபதிகளோடு உட்காரும் ஆறு ஜூரிகளில் நான் ஒருத்தி. தன் ஆட்களுக்கு அடங்காத லாரிக்காரர் ஒருவரை அவர் சுட்டுக் கொன்றார் என்பது வழக்கு. ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களில் பலர் மருத்துவச் சான்று கொடுத்து விலகினார்கள். இந்த வருடம் மார்ச்சில் மாவட்டம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் முதுகுவலி வந்தது. எனக்கு வரவில்லை. மாற்று ஜூரிகளும் அப்படியே தீர்ந்துபோனார்கள். இனி ஒருவர் விலகினாலும் விசாரணையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் விசாரணைக் காவலில் வைக்கும் கெடு முடிந்து ஸ்பதாரெல்லி வீடு திரும்பிவிடுவார். வழக்கைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கும் சொல்ல மாட்டேன்.

மார்ச் மாதத்திலிருந்து ஊரில் எனக்கு மரியாதை கூடியது. மீன்கடையில் வரிசை விலகி வழிவிட்டது. என் வாசலில் இருபது வருடமாக வண்டியை நிறுத்தி என் உயிரை வாங்கியவர் தானாகவே எடுத்துவிட்டார். அதன்பிறகு டாக்டர், நான் கூப்பிடாமலே வந்து, எனக்கு முதுகு வலிக்கிறதா என்று விசாரித்தார். அதன்பிறகு மே மாதம் என் தம்பி ஆகோஸ்தீனோ வந்து, டாக்டர் சீட்டு எழுதித் தரத் தயாராக இருப்பதாகச் சொன்னான். எங்கள் வீட்டில் முதுகெலும்பு யாருக்கு இல்லையோ அவருக்கே அந்தச் சீட்டைக் கொடுக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

இதில் மிரட்டல் எங்கே என்று அதிகாரி கேட்டார். யாராவது ஏதாவது சொன்னார்களா என்றும் கேட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். வாயைத் திறந்து சொன்னாலாவது திருப்பிச் சொல்லலாம்.

நேற்று கருணை மாதா திருநாள். வழக்கப்படி என் அம்மாவின் பட்டு விரிப்பைப் பால்கனியில் தொங்கவிட்டு, மாலை ஏழு மணிக்கு நானும் அங்கே நின்றேன். பவனி செக்குத் தெருவுக்குள் வந்தது. இந்த ஊரில் சிவப்பு விளக்குக்கே யாரும் நிற்பதில்லை. ஆனால் என் வாசலுக்கு நேராக ஒரு மணிச்சத்தம் கேட்டதும் சப்பரம் நின்றது. பாண்டு வாத்தியமும் நின்றது. அதன்பிறகு சுமந்தவர்கள் சப்பரத்தை என் பக்கம் திருப்பி, முன்வரிசையில் நின்றவர்கள் முழங்காலை மடக்க, மாதா சொரூபத்தை மூன்று முறை என்னை நோக்கிக் குனியவைத்தார்கள். முப்பது வருடமாக இந்த ஊரில் மாதா குனிவது ஸ்பதாரெல்லி வீட்டு வாசலில் மட்டும்தான். அதனால் தெருவே நிமிர்ந்து என்னைப் பார்த்தது. அதிகாரி அப்போது சீருடையில், சப்பரத்துக்குப் பத்தடி முன்னால் நின்றார். அதையும் எழுதச் சொன்னேன். எழுதினார்.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன். மாதா குனிந்ததும் என் கை தானாகவே எழுந்து சிலுவை போட்டது. நான்கு வயதிலிருந்து போட்ட கை அது, என்னைக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து கீழே இருந்த போட்டோக்காரர் படம் எடுத்தார். அவர்கள் வணங்கினார்கள், நான் பதில் வணக்கம் வைத்தேன் என்பதாகத்தான் அந்தப் படம் இருக்கும். நாளைக்கு ஸ்பதாரெல்லியின் வக்கீல் அதை நீட்டி, ஜூரியே எங்களுக்கு வேண்டியவர்தான், விசாரணையை முதலிலிருந்து வையுங்கள் என்று கேட்பார். நான் சிலுவை போட்டது மாதாவுக்கு. அவளைச் சுமந்தவர்களுக்கு அல்ல.

விஷயம் புரிந்ததும் விரிப்பை உள்ளே இழுத்து ஜன்னல் கதவுகளைச் சாத்தினேன். மாதா முகத்துக்கு நேராகக் கதவு சாத்திய முதல் ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். அதற்காக வெட்கப்படுகிறேன். இன்று காலை ரொட்டிக் கடையில் யாரும் எனக்கு வழிவிடவில்லை. அதற்கு வெட்கப்படவில்லை.

பவனி முடிந்ததும் ஆகோஸ்தீனோ சப்பரக்காரர்களின் வெள்ளை அங்கியோடு பின்வாசல் வழியாக வந்தான். அங்கி விலகிய தோளில் சப்பரக் கம்பு அழுந்திய தடம் சிவந்திருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னாங்க, அவ்வளவுதான். மாதாவை நிறுத்தினதுல என்ன பாவம்?" என்றான்.

யார் சொன்னது என்று கேட்டேன். பதிலுக்கு, செப்டம்பரில் தன் மகளுக்குக் கல்யாணம் என்றான். அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானத்தில் தாயாக நின்றவள் நான்.

"அவங்க கேட்டா முடியாதுன்னு எப்படிக்கா சொல்றது?"

"ஒரு மணியை அடிக்காம இருக்கறதுக்கு என்னடா பெரிய தைரியம் வேணும்?" என்றேன். அழுதான். அங்கியிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். எனக்கு அவன்மேல் வந்தது கோபம் மட்டுமல்ல, ஆனாலும் கூப்பிடவில்லை.

அதன்பிறகு அதிகாரி, நிற்கச் சொல்லி மணி அடித்தவர் யார் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"டீச்சர், 'யாரோ ஒருவர்'னு போட்டுக்கலாமா? கூட்டத்துல தெரியலைன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

வேண்டாம் என்றேன். யாரோ ஒருவர் என்று எழுதி எழுதித்தான் இந்த ஊர் இப்படி ஆனது. மணி அடித்தவர் ஆகோஸ்தீனோ லகானா, வயது 47, சப்பரக்காரர்களின் தலைவர், என் கூடப்பிறந்த தம்பி. நான் ஒரு சொல் தவறாகச் சொல்லியிருந்தால் அதற்கான தண்டனை எனக்குத் தெரியும். நான் நீதிமன்றத்தில் தண்டனை சொல்லும் பக்கம்தான் உட்காருகிறேன். நாளை காலை ஒன்பது மணிக்கு, வக்கீல் படத்தை நீட்டும் முன் நீதிபதியிடம் கொடுக்க, இதன் நகலோடு என் நாற்காலியில் இருப்பேன்.

மேலே உள்ளது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. தம்பியின் பெயரை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நுன்சியா லகானா