இரும்பு தொடாத ஏழு நாட்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சுப்பண்ணன் அவர்களே, பீல்டு ஆபீசராக இருந்து, எஸ்டேட் முடங்கியபின் நம்மைப் போலவே வேலையில்லாமல் நிற்கும் நெல்சன் அவர்களே, மனைவி மருதாம்பாளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காத்தமுத்து அண்ணே, தேவாலாவிலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்த தோழர்களே, இந்தத் தகரக் கொட்டகையை ஒட்டிய பெரட்டுக் களத்தில் காலைதோறும் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன என் தாய்மார்களே! தொழிற்சங்கக் கிளைச் செயலாளன் மயில்சாமி உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குப் பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். மைக் கையில் கிடைத்தால் விடமாட்டேன் என்று கேலிகூடச் செய்வீர்கள். இன்றைக்குப் பேச்சை வளர்க்க மாட்டேன். கண் நிமிஷத்துக்கு ஒரு தரம் வாசலுக்குப் போகிறது. தூறல் விட்டிருக்கிறது; மேற்கே வானம் விடவில்லை. நான் அவசரமாகப் பேசினால் மருதாம்பாள் அக்கா மீது மரியாதைக் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

யார் இந்த மருதாம்பாள்? இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இருபது வயதில் கப்பலேறி வந்தவர். முப்பது வருஷம் இந்த மலையில் கொழுந்து பறித்தவர். மகளிர் அணித் தலைவி. பிரசவ வலி கண்ட பெண்ணைத் தோளில் தாங்கி, ஜீப் கிடைக்கும் இடம் வரை மழையில் நடத்திக்கொண்டு போனவர். இதெல்லாம் நோட்டீசில் போட்டிருக்கிறோம். நோட்டீசில் போடாத ஒன்று இருக்கிறது. அது அவருடைய பக்தி!

அவருடைய சாமிக்குச் சிலை கிடையாது, தேர் கிடையாது. பருவம் மாறுவதுதான் அவருக்குத் திருவிழா. தைப்பனி விலகிய மறுநாள் செருப்பைக் கழற்றிவிட்டு மலைக்குள் நுழைவார். கவ்வாத்து வெட்டிய செடி திரும்பத் துளிர்த்தால், முதல் கைப்பிடிக் கொழுந்து கூடைக்குப் போகாது. செடியின் காலடியில் வைத்துக் கும்பிடுவார். ஒரு முறை புதிதாக வந்த துரை பார்த்துவிட்டுக் கத்தினார். அக்கா அசரவில்லை. “தொர, ஒங்க தராசுக்கு வாறதுக்கு முன்ன இது மண்ணோட கொழுந்து. அதுக்குக் குடுத்துட்டு மிச்சத்த ஒங்களுக்குத் தாறன்” என்றார். செருப்பில்லாமல் நடக்கிறீர்களே, அட்டை கடிக்காதா என்று நான் கேட்டால், “அதுவும் இந்த மண்ணுல பொறந்ததுதானே தம்பி, அதுக்கும் பசிக்கும்ல” என்று சிரிப்பார்.

நான் சிரிக்கவில்லை, தோழர்களே. கிண்டல் செய்தேன். அன்னூரிலிருந்து பாக்டரி வேலைக்கு வந்தவன் நான், சங்கத்துக்காரன். “ஏனுங்கக்கா, உங்க மண்ணு போனஸ் குடுக்குமுங்களா?” என்று பலர் முன்னால் கேட்டவன்.

அக்கா வருஷத்தில் பெரிதாகக் கொண்டாடியது எது? வைகாசி பிறந்ததும் வரும் முதல் ஏழு நாள். கோடை மழை முடிந்து பெருமழை இறங்கும் முன்னால் உள்ள அந்த ஏழு நாளும் மண்ணில் இரும்பு படக்கூடாது. மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி, களைக்கொத்து எல்லாவற்றையும் கழுவி, மஞ்சள் துணியில் சுற்றி, கோயில் சுவரோரம் சாய்த்து வைப்பார். கையால் கொழுந்து பறிக்கலாம், தோண்டக் கூடாது. அவர் வந்த பிறகு எத்தனை துரை மாறினார்கள்! எவரும் அதைத் தடுத்ததில்லை. தடுத்தது யார்?

நாம்தான்.

தேயிலைக்கு விலை விழுந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது. பாக்டரி பூட்டிப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. சம்பளம் இல்லை, ரேஷன் அரிசியும் மாதக் கடைசி வரை வருவதில்லை. பசித்தவன் என்ன செய்வான்? நம் வீட்டு வரிசைகளான லயங்களுக்கு நேர் மேலே நிற்கும் பன்னிரண்டாம் நம்பர் மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு இஞ்சி போடலாம் என்று பதினொரு குடும்பம் முடிவெடுத்தோம். முடிவெடுத்த கூட்டத்துக்குத் தலைமை நான். விதை இஞ்சி வந்து இறங்கியதோ வைகாசி முதல் நாள்!

அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபமில்லை. கெஞ்சினார். “மண்ணு வாயத் தொறந்து தண்ணி குடிக்கிற நேரம் தம்பி. இப்ப போயி வேரப் பிடுங்கி இரும்பால குத்தினா அது மறுபடி வாய மூடாது. ஏழு நாள் பொறுங்க. வேர் நிக்கிற எடத்த விட்டுட்டு, கீழ சமவெளியில போடுங்க.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏழு நாள்ல விதை அழுகிப் போயிருமுங்க அக்கா. உங்க சாமி எங்க ஊட்டுக்கு அரிசி அனுப்புமுங்களா?” என்றேன். அக்கா திரும்பிப் போய்த் தன் மண்வெட்டியை மட்டும் துணியில் சுற்றிக் கோயில் சுவரில் சாய்த்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் இருபத்திரண்டு மண்வெட்டிகள் அந்த மலையில் ஏறின. நான்கு நாளில் செடியெல்லாம் பிடுங்கி, மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்து, விதையும் ஊன்றிவிட்டோம்.

வைகாசி ஆறாம் நாள் விடியலில் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று நடந்தது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். குழி வெட்ட வேண்டும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானும் இன்னும் ஆறு பேரும் போனோம். மயானத்தில் நின்றோம். எல்லாருக்கும் ஒரே நினைப்பு. இன்றைக்கு ஆறாம் நாள். இவருக்காகவே இவருடைய நாளை மீறுவதா? ஒருவரும் மண்வெட்டியை ஓங்கவில்லை. காத்தமுத்து அண்ணன்தான் வந்து, “அவளுக்கு வேணாம்பா, கையால எடுப்போம்” என்றார். நான்கு நாள் இரும்பால் மலையைக் குத்திய அதே ஆட்கள், மூங்கில் கழியாலும் சிரட்டையாலும் வெறும் கையாலும் தோண்டினோம். காலையில் ஆரம்பித்து வெயில் சாயும் வரை தோண்டினோம். என் விரல் நகம் இரண்டு போய்விட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழிக்குள் இறங்கி நின்று அழுதேன்.

அந்தக் குழியில்தான் எனக்குப் பயம் பிடித்தது, தோழர்களே! மண்வெட்டி பிடித்தவனுக்கு மண் தெரியாது. கையால் அள்ளியபோது தெரிந்தது. முழங்கை ஆழத்துக்குக் கீழே மண் நனைந்து, ஊறிப் போன ரொட்டி மாதிரி கையில் பிதுங்கியது. கோடை மழைக்கே இப்படி! மயானம் சமதரை, சுற்றிலும் மரம். பன்னிரண்டாம் நம்பர் மலை? செங்குத்து. பிடித்து வைத்திருந்த வேரையெல்லாம் பிடுங்கி எறிந்தவர்கள் நாம். தண்ணீர் இறங்க மேலிருந்து கீழாகப் பாத்தி வேறு வெட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. தினமும் ஏறிப் பார்க்கிறேன். இன்று காலை நெல்சனையும் கூட்டிக்கொண்டு போனேன். பாத்திகளுக்கு மேலே, மலையின் குறுக்கே, ஒரு வெடிப்பு. நேற்று அது இல்லை. கையை விட்டேன், மணிக்கட்டு வரை போயிற்று. திரும்பும்போது நெல்சன், “மயில்சாமி, நாலாவது லயத்துல எத்தனை வீடு?” என்று கேட்டார். வெடிப்புக்கு நேர் கீழே நான்காவது லயமும் ஐந்தாவது லயமும் சேர்ந்து இருபத்தெட்டு வீடு. குழந்தைகள் எத்தனை என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்காவின் மண் நம்மைப் பழிவாங்குகிறது என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுந்தது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்! பாக்டரி பூட்டிய அன்று யாரோ கேட்டார்கள், உன் மண் நம்மைக் கைவிட்டுவிட்டதே என்று. “வெலைய எறக்கினது மண்ணா?” என்று அக்கா திருப்பிக் கேட்டார். அவர் நம்பிய மண் யாரையும் தண்டிக்காது. அதற்கு மூச்சு விட ஏழு நாள் கொடு என்றுதான் கேட்டார். அதைக்கூடக் கொடுக்க முடியாத நிலைமைக்கு நம்மைத் தள்ளியவர்கள் யாரோ. ஆனால் கொடுக்காதது நாம்தான்.

பேசி முடித்துவிடுகிறேன். உறுதிமொழி எடுப்பது நம் வழக்கம். அடுத்த வைகாசி பிறக்கும்போது இந்த எஸ்டேட்டில் முதலில் துணி சுற்றப்படும் மண்வெட்டி மயில்சாமியுடையதாக இருக்கும். அக்கா கும்பிட்ட ஒவ்வொரு பருவத்தையும் சங்கம் கும்பிடும். என்னைப் போல் சாமி இல்லை என்பவனும் செருப்பைக் கழற்றலாம், கால் ஒன்றும் தேய்ந்துவிடாது. நாளை வானம் விட்டால், நெல்சன் காட்டும் இடத்தில் குறுக்குக் கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்புவோம். இஞ்சிப் பாத்தியை மூடவேண்டி வந்தால் என் பாத்தியை முதலில் மூடுவேன். என் மனைவி தோட்டை விற்று வாங்கிய விதை அதில் இருக்கிறது. இருந்தாலும் மூடுவேன்.

அதெல்லாம் நாளைக்கு. இதோ, தகரத்தில் சத்தம் கேட்கிறதா? ஆரம்பித்துவிட்டது.

இரங்கல் கூட்டம் என்றால் முடிவில் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம். தலைவர் சுப்பண்ணன் அவர்கள் மன்னிக்க வேண்டும், இன்று அந்த இரண்டு நிமிடம் நம்மிடம் இல்லை. நான்காவது, ஐந்தாவது லயத்துக்காரர்கள் குழந்தைகளையும் கிழவர்களையும் அழைத்துக்கொண்டு நேரே பாக்டரிக்கு வாருங்கள். அது பாறை மேல் நிற்கிறது. கதவு பூட்டியிருக்கிறது, தெரியும். நான் முன்னால் போய் உடைக்கிறேன். போலீஸ் வந்தால் உடைத்தவன் மயில்சாமி என்று சொல்லுங்கள். பாத்திரம் பண்டத்துக்காக யாரும் திரும்பிப் போகாதீர்கள்.

அக்கா என் வாசலில் நின்று கெஞ்சியபோது நான் கேட்கவில்லை. இப்போது நான் கெஞ்சுகிறேன். நீங்களாவது கேளுங்கள், எழுந்திருங்கள்!